வாசற்படியிலிருந்து அளப்போம்
(திருவனந்தபுரம் கரமனையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டை விட்டுக் கிளம்பும்போது கைபேசியை எடுத்து, எங்கள் தெருவிலிருந்து இந்த மண்டபத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தேன். நடந்தால் 9 நிமிடம் என்றது. என்னோடு வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு மாமி. வயது 76, வலது முழங்காலில் வலி. இதோ, முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் வந்து சேர 22 நிமிடம் ஆயிற்று.

அந்த 13 நிமிடம் எங்கே போயிற்று? தெருமுனையில் ஓடை மேல் போட்ட ஸ்லாப் ஒன்று ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மாமி அதைத் தாண்டவில்லை. திரும்பி வந்து, தெருவில் இறங்கி, ஆட்டோ ஒன்று போகும்வரை சுவரைப் பிடித்து நின்று, பிறகு நடந்தார். நடைபாதையில் இரண்டு ஸ்கூட்டர்கள் நின்றன. அங்கே மறுபடி இறக்கம், மறுபடி ஏற்றம். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் என் தோளில் கை வைத்து, முதலில் இடது காலை மேலே வைத்து, மூச்சு விட்டு, பிறகு வலது காலை இழுத்தார். பெரிய சாலையைக் கடக்க மட்டும் ஐந்து நிமிடம். பாதி கடந்து நடுவில் நின்றோம். அங்கே நிற்கும்போது மாமி என் கையைப் பிடித்த பிடியில் என் விரல் வலித்தது.

நான் தொழிலால் வரைபடக்காரன். இருபது ஆண்டுகளுக்கு மேல் கணினியில் ஊர்களை வரைந்திருக்கிறேன். நான் வரைந்த எந்தப் படத்திலும் அந்த ஸ்லாப் கிடையாது. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் நம் தெருக்களைப் பாருங்கள். கரமனை அக்ரஹாரத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே சந்து கிடையாது. வாசல் ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருப் பக்கம். ஒரு வரிசை 200 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். நடு வீட்டுக்காரருக்கு, பின்தெருவில் நேர் எதிரே இருக்கும் கடை கொல்லைச் சுவர் வழியாகப் பார்த்தால் 40 மீட்டர். நடந்து போக வேண்டுமென்றால் தெருக்கோடி வரை 100, குறுக்கே 40, திரும்ப உள்ளே 100. ஆக 240 மீட்டர். ஆறு மடங்கு. வரிசையின் நடுவே ஒரு முடுக்கு இருந்தால் கதையே வேறு. நாம் முடுக்கு என்கிறோம், மலையாளத்தில் இடவழி. அந்த முடுக்கு வரைபடத்தில் இல்லையென்றால் கணினிக்கு அது இல்லாத வழிதான். வரைபடத்தில் இருந்து, ராத்திரி எட்டு மணிக்கு அதன் கம்பிக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள் என்றால், எட்டு மணிக்குமேல் கணினி சொல்வது தப்பு.

கரமனை ஆற்றங்கரை வீடுகளுக்கு இதே கதை இன்னும் பெரிதாக. அக்கரை கண்ணெதிரே தெரியும், நீரமங்கரைப் பக்கம் யாராவது துணி உலர்த்தினால்கூடத் தெரியும். போக வேண்டுமானால் பாலத்துக்கு வர வேண்டும். ஆறு நமக்குக் குடிநீர் தருகிறது, அருவிக்கரையில் தேக்கி இந்த நகரத்துக்கே தருகிறது. ஆனால் நடப்பவருக்கு அது ஒரு மதில்.

இன்னொரு மதிலை நாமே கட்டிக்கொண்டோம். கரமனை - களியிக்காவிளை சாலை. பிராவச்சம்பலம் வரை நாலு வழியாக அகலப்படுத்தியதில் வண்டிக்காரர்களுக்கு நிம்மதி. நாகர்கோவிலுக்குப் போகும் பேருந்தில் நானும் அந்த நிம்மதியை அனுபவித்தவன்தான். ஏறக்குறைய 30 மீட்டர் அகலத்துக்குத் திட்டமிட்ட சாலை அது. சாலைப் பொறியாளர்கள் நடப்பவரின் வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கு வைப்பது வழக்கம். அந்த வேகத்தில் 30 மீட்டரைக் கடக்க 25 நொடி. முதியவர்களின் நடை நொடிக்கு 0.8 மீட்டர் அளவில் இருக்கும். அவர்களுக்கு 37 நொடிக்கு மேல். இந்த 12 நொடி வித்தியாசத்தில்தான் மாமி என் விரலைப் பிடித்தார்.

இந்தியா முழுவதையும் அளந்த முக்கோண அளவை எப்படித் தொடங்கியது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தொடங்கியது நம் பக்கத்தில். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். அந்தக் கோட்டிலிருந்துதான் முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. தஞ்சாவூர்ச் சமவெளியில் குன்று கிடையாது. உயரம் வேண்டும். அதனால் கோயில் கோபுரங்களையே குன்றாக்கிக்கொண்டார்கள். 1808இல் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றும்போது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கிப்போயிற்று. லாம்டன் அதைத் தன் கையாலேயே நாள்கணக்கில் தட்டி நிமிர்த்தினார். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது. திருவிதாங்கூரை 1816 முதல் 1820 வரை அளந்த வார்டும் கானரும் அதே மரபில் வந்தவர்கள். மலை, ஆறு, காயல், கோயில், சந்தை என்று இந்த நாட்டை அவர்கள் எழுதி வைத்தது இப்போதும் பயன்படுகிறது.

ஆனால் அவர்கள் அளந்தது கோபுரத்து உச்சியிலிருந்து. படைக்கும் வரிக்கும் வேண்டிய அளவை அது. மேலே நின்று பார்ப்பவருக்கு இடைவெளி நேர்கோடாகத்தான் தெரியும். அந்தக் கண் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. இன்றும் ஒரு திட்ட அறிக்கையைப் புரட்டினால், சுகாதார நிலையத்தை நடுவில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு, உள்ளே இருப்பவர்களெல்லாம் சேவை பெறுபவர்கள் என்று எழுதியிருப்பார்கள். காகம் பறக்கும் தூரம் அது. சட்டம்கூட அப்படிச் சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே எழுதியிருப்பது நடக்கும் தூரம். குழந்தை ஆற்றின் மேல் நடக்காது.

வட்டத்துக்குப் பதில் என்ன வரைய வேண்டும்? விடை புதிதல்ல. 1881இல் பிரான்சிஸ் கால்டன் லண்டனிலிருந்து உலகின் எந்த ஊருக்கு எத்தனை நாளில் போகலாம் என்று வண்ணம் தீட்டி ஒரு படம் வெளியிட்டார். மைலை விட்டுவிட்டு நாளை அளந்தார். வண்ணங்கள் வட்டமாக விழவில்லை. கப்பலும் ரயிலும் போகும் பக்கம் நீண்டும், பாலைவனத்தின் பக்கம் ஒடுங்கியும் விழுந்தன. அதே படத்தை நம் ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும், நாளுக்குப் பதில் நிமிடத்தில் வரையலாம். ‘சமநேரக் கோடு’ என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

இதைக் கணினி எப்படிச் செய்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடியற்காலையில் வாசலில் போடும் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தெருக்கள் கூடும் இடமெல்லாம் புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே தெரு ஒரு இழை. ஒவ்வொரு இழைக்கும் அதை நடந்து கடக்க ஆகும் நேரத்தை எழுதி வைக்கிறோம். உங்கள் வாசல் ஒரு புள்ளி. அங்கிருந்து தொடங்கி, மிகக் குறைந்த நேரத்தில் தொடக்கூடிய அடுத்த புள்ளி எது, அதற்கடுத்தது எது என்று கணினி விரித்துக்கொண்டே போகும். பத்து நிமிடம் முடிந்ததும் நின்றுவிடும். இந்த முறையை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1959இல் வெளியிட்டார். இன்று கைபேசி வழி சொல்வதன் அடியிலும் அந்தக் கருத்துதான் இருக்கிறது. இதைச் செய்யும் க்யூஜிஐஎஸ் போன்ற மென்பொருள்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

கணக்கு சுலபம். இழைமேல் எழுதும் நேரம்தான் கஷ்டம். அது யாருடைய நேரம்?

இங்கே ஒரு நிமிடம் நின்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் கல்லூரிப் பெண் பத்து நிமிடத்தில் 720 மீட்டர் போவாள். 0.8 மீட்டர் நடக்கும் மாமி 480 மீட்டர் போவார். மூன்றில் இரண்டு பங்கு, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் ஒருவருடைய உலகம் ஒரே திசையில் போவதில்லை, நாலாபுறமும் விரிகிறது. எட்டக்கூடிய பரப்பு என்று பார்த்தால் மூன்றில் இரண்டின் வர்க்கம், ஒன்பதில் நான்கு பங்கு. அந்தப் பெண்ணின் ஊரில் பாதிகூட மாமிக்குக் கிடையாது. நடை கொஞ்சம் தளர்ந்தால் ஊர் நிறையச் சுருங்குகிறது. இருபது வருஷமாகத் தெருவும் கடையும் அப்படியே இருக்க, ஒருவருக்கு மட்டும் மருந்துக்கடை போய்விடும், பிறகு ரேஷன் கடை போய்விடும், பிறகு கோயில் நடை போய்விடும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. ‘அம்மாவுக்கு இப்போதெல்லாம் வெளியே போகப் பிடிப்பதில்லை’ என்பார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவீதம், கேரளத்தில் 12.6 சதவீதம். இன்னொரு கணக்கெடுப்பு வந்தால் இது எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் தெருக்களில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். இங்கே இருக்கும் முதியவர்களில் சமூக ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் மஸ்டரிங்குக்காக, அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையத்துக்குப் போய் விரல் வைக்க வேண்டும். மலப்புறத்தில் 2002இல் தொடங்கிய அக்ஷயா எத்தனையோ குடும்பங்களுக்கு அலுவலகப் படியேறும் வேலையைக் குறைத்தது உண்மை. அதே மையம் மாடியில் இருந்தால், அந்தப் பதினெட்டுப் படி ஒரு கிலோமீட்டருக்குச் சமம். என் வரைபடத்தில் அது பூஜ்யம் மீட்டர்.

தூரம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி நடக்கும் கூடம் பக்கத்திலேயே இருக்கலாம். இலை நாற்பது, காத்திருப்பவர்கள் நானூறு என்றால் பக்கத்தில் இருந்து என்ன பயன்? சுகாதார நிலையமும் அப்படித்தான். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் 50,000 பேருக்கு ஒன்று என்பது 2013இல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டத்தின் அளவு. ஆகவே இரண்டு கணக்கு போட வேண்டும். முதலில் சுகாதார நிலையத்தின் பக்கம் நின்று, அதை எட்டக்கூடியவர்கள் எத்தனை பேர், ஒருவருக்கு எவ்வளவு மருத்துவர் நேரம் விழும் என்று பார்ப்பது. பிறகு வீட்டின் பக்கம் வந்து, அந்த வீட்டுக்கு எட்டும் நிலையங்கள் எல்லாவற்றின் பங்கையும் கூட்டுவது. 2003இல் லுவோ, வாங் என்ற இரண்டு புவியியல் அறிஞர்கள் இந்த ஈரடுக்கு முறையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். மருத்துவ வசதி யாருக்கு எட்டவில்லை என்று பார்க்க உலகின் பல இடங்களில் இன்று இதைக் கையாள்கிறார்கள்.

இழைமேல் எழுதிய நேரமும் நாளுக்கு நாள் மாறும். இடவப்பாதி மழை கொட்டும் நாளில் தாழ்ந்த தெரு ஒன்று வரைபடத்திலிருந்து கழன்றுவிடும். ஆற்றுகால் பொங்கல் அன்று அடுப்புகள் வரிசை வரிசையாக நம் பக்கம் வரை வரும், நகரத்துத் தெருக்களெல்லாம் ஒருநாள் வேறு வேலை பார்க்கும். அன்றைக்கு ஆம்புலன்ஸ் எந்த வழி போகும் என்பதை ஊரே சேர்ந்து யோசித்து வைக்கிறது. அந்த யோசனை மற்ற 364 நாளுக்கும் வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இதையெல்லாம் யார் அளப்பது? அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் சொல்லலாம். கேரளத்தின் அனுபவம் வேறு. கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரியில் 1990களின் தொடக்கத்தில், மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் நம் ஆக்குளத்தில் இருக்கும் புவி அறிவியல் ஆய்வு மையத்தாரும் கைகோத்தார்கள். ஊர்க்காரர்கள் தாங்களே நிலத்தையும் நீரையும் நடந்து பார்த்து வரைபடத்தில் குறித்தார்கள். கணினி கைக்கு வராத காலம், பென்சிலும் வண்ணமும்தான். 1996 ஆகஸ்டில், உள்ளாட்சிகள் தாங்களே திட்டமிடும் மக்கள் திட்டம் தொடங்கியபோது அந்த அனுபவம் முன்மாதிரிகளில் ஒன்றாக இருந்தது. சென்னையில் ‘டிரான்ஸ்பேரன்ட் சென்னை’ என்ற குழு பொதுக் கழிப்பறைகளை ஒன்றொன்றாகத் தேடிப்போய்ப் படத்தில் குறித்தது. ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்பதைக் கழிப்பறையின் தூரம் தீர்மானிக்கிறது என்பதை அந்தப் படம் பார்த்தால் விளங்கும்.

கருவியும் கைக்கு வந்துவிட்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று, 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தன் தெருவை அதில் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தின் வீடுகளையும் சாலைகளையும் எங்கெங்கோ உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அதில் வரைந்து சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு மாநில ஐடி மிஷன் ‘மேப்பத்தான் கேரளம்’ என்று அதையே ஒரு இயக்கமாக்கியது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடம் தயாரிப்பதற்கான பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் நமக்கு அனுகூலம்.

ஆனால் வெளியூரில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைபவருக்கு நம் ஓட்டு வீடுகளின் வரிசை ஒரே நீளக் கூரையாகத்தான் தெரியும். அதன் கீழே எத்தனை வாசல், எந்த வாசலுக்கு எத்தனை படி, முடுக்கு எங்கே திறக்கிறது, எந்த ஸ்லாப் ஆடுகிறது என்பது நடப்பவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். குறுகிய தெருவில் கைபேசியின் இடக்குறிப்பு பத்தடி இருபதடி தள்ளிக் காட்டும். அதைத் திருத்த இந்தத் தெருவில் பிறந்தவர் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்பதை ஒருநாளும் பொது வரைபடத்தில் ஏற்றக்கூடாது. உதவி செய்ய வருபவர் பார்க்கும் படத்தைத் திருட வருபவரும் பார்ப்பார். தெருவையும் படியையும் கதவையும் குறிப்போம், ஆட்களைக் குறிக்க வேண்டாம். நடக்கவே முடியாதவர்கள் விஷயத்தில் படத்தைத் திருப்பிப் போட வேண்டும், நிலையத்திலிருந்து வீட்டுக்கு. 2008இல் வலி தணிக்கும் சாந்த்வன சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலம் கேரளம். வீடு தேடி வரும் நர்ஸ் சேச்சி ஒரு காலையில் எத்தனை வீடு போக முடியும் என்பதும் நம் கோலத்தில் இருக்கும் அதே இழைக் கணக்குதான். அவர் போக வேண்டிய வீடுகளின் பட்டியல் மட்டும் அவர் கையோடு இருக்கட்டும்.

வார்டு கவுன்சிலரிடம் ‘தெரு சரியில்லை’ என்று போனால் அவர் கேட்டுக்கொள்வார், அடுத்தவர் வந்து இன்னொரு தெருவைச் சொல்வார். ‘இந்த ஒரு ஸ்லாப்பைச் சரிசெய்தால் இத்தனை வீட்டு வாசலிலிருந்து சுகாதார நிலையம் முதியவர் நடையில் பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிடும், இந்தச் சாலையின் நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு கட்டினால் இத்தனை வீட்டுக்கு’ என்று இரண்டு படத்தை அருகருகே வைத்தால், எதை முதலில் செய்வது என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஸ்லாப்புக்கு ஆகும் செலவு பெரிதல்ல. அது எங்கே இருக்கிறது என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாததுதான் இத்தனை நாள் அது ஆடிக்கொண்டிருந்ததற்குக் காரணம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுமுன், சத்தியவாகீஸ்வரர் கோயில் முன்னே கூடுவோம். பிள்ளைகள் கைபேசியில் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள், மழை வந்தால் கைபேசியை விட அதுதான் உதவும். தெருவுக்கு இரண்டு பேர். படி இருந்தால் எண்ணுங்கள், கதவு இருந்தால் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று அந்த வீட்டில் கேட்டு எழுதுங்கள். உங்கள் பாட்டியோ தாத்தாவோ கூட வரச் சம்மதித்தால் அழைத்து வாருங்கள். மாமி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் முன்னால் நடப்பார். நேரத்தை நாம் அவருக்குப் பின்னால் நடந்து குறித்துக்கொள்வோம்.